புள்ளி ராஜாவின் உண்மைப் பெயர்

2000களின் தொடக்கத்தில், நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, தமிழ்நாட்டின் சுவர்களிலெல்லாம் ஒரே கேள்வி இருந்தது. புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? எங்கள் வகுப்பில் ராஜா என்று பெயர் வைத்திருந்த ஒருத்தன் அந்த வருடம் முழுக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்தப் புள்ளி ராஜா யார் என்று யாருக்கும் தெரியாது. அவன் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதற்காகத்தான் அந்தப் பெயரையே வைத்திருந்தார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து புள்ளி ராஜாவை ஒரு எக்செல் கோப்பில் சந்தித்தேன்.

அப்போது எங்கள் குழு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தது. தேதிகள் தப்பாக விழுகின்றன என்று புகார் வந்தது. ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடுகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அலுத்துப்போன பிழை இது. சோதித்துப் பார்க்க டம்மி டேட்டா கேட்டோம். வந்தது அசல். ஆயிரத்துச் சொச்சம் வரிசைகள். பெயர், வயது, தெரு, ஊர், தேதி, பரிசோதனை, முடிவு. மின்னஞ்சலில் எங்கள் ஆட்கள் பதினோரு பேர்.

தேதிக் கட்டத்தை மட்டும்தான் நான் பார்க்க வேண்டும். கீழே இறங்கிக்கொண்டே வந்தபோது என் அம்மாவின் ஊர்ப் பெயர் கண்ணில் பட்டது. தெருவும் தெரிந்த தெரு. பெயரும் தெரிந்த பெயர். பரிசோதனை என்ற இடத்தில் எச்.ஐ.வி. என்று இருந்தது. அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்னால், பிரசவத்துக்கு முன்னால் எல்லாருக்கும் எடுப்பதுதான். முடிவு என்ற கட்டம் திரைக்கு வெளியே, வலப்பக்கத்தில் ஒளிந்திருந்தது.

நகர்த்திப் பார்த்தேன்.

முடிவு என்ன என்று இங்கே எழுத மாட்டேன். அந்த நபர் ஆணா பெண்ணா என்றும் எழுத மாட்டேன். எழுத எனக்கு உரிமை இல்லை. பார்க்கவும் உரிமை இருக்கவில்லை, ஆனால் பார்த்தேன். ஒரு மனிதரின் பெயரையும் அவர் உடம்பின் ரகசியத்தையும் ஒரே வரிசையில் எழுதும் பழக்கம் எப்போது தொடங்கியது என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தேன். தேடல் என்னை சென்னைக்கே, அதுவும் 150 வருடம் பின்னால் கொண்டுபோய் விட்டது.

*

பால்வினை நோய் என்பது மேடைச் சொல். ஊரில் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. வெட்டை, மேகம், கிரந்தி, பறங்கிப்புண். பறங்கி என்று சொல்லிவிட்டால் பழி கப்பலில் வந்தவன் தலையில் விழும். இன்னொரு பெயர், பொம்பளைச் சீக்கு. சீக்கு வந்திருப்பது ஆணுக்கு, வைத்தியரிடம் போய் நிற்பதும் ஆண்தான். பெயர் மட்டும் பெண்ணுடையது.

ஊர் வாயில் இருந்த இந்தக் கணக்கை ஆங்கிலேய அரசு சட்டமாகவே எழுதியது. 1864இல் பிரிட்டனில் தொற்று நோய்கள் சட்டம் வந்தது. அதை ஒட்டி 1868இல் இந்தியாவுக்கும் ஒன்று, அந்த வருடத்தின் 14ஆம் எண் சட்டம். காரணம் ராணுவம். வெள்ளைச் சிப்பாய்களில் பலர் மேகநோயில் படுத்துக் கிடந்தார்கள். சிப்பாயைக் காப்பாற்ற என்ன வழி? அவன் போகும் இடத்துப் பெண்களைப் பதிவு செய்வது. சட்டம் அமலான நகரங்களில் சென்னையும் ஒன்று. பாலியல் தொழில் செய்கிறவர் என்று கருதப்பட்ட பெண் தன் பெயரைப் பதிய வேண்டும், குறித்த இடைவெளியில் பரிசோதனைக்கு வர வேண்டும். வராவிட்டால் அபராதம் அல்லது சிறை. நோய் இருப்பதாகத் தெரிந்தால் லாக் ஆஸ்பத்திரியில் அடைப்பார்கள்.

லாக் என்பது முதலில் பூட்டைக் குறித்ததல்ல. 1747இல் லண்டனில் தொடங்கிய ஒரு மேகநோய் மருத்துவமனையின் பெயர் அது. அதற்கும் முன்னால் அங்கே இருந்த தொழுநோய் இல்லத்தின் பெயர். ஆனால் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது அதற்குப் பூட்டு என்ற பொருளே சரியாகப் பொருந்திவிட்டது. உள்ளே போனவர் டாக்டர் சொல்லும்வரை வெளியே வர முடியாது.

இந்தச் சட்டத்தை ஒரு டேட்டாபேஸ் வடிவமைப்பாகப் படித்துப் பார்க்கிறேன். பெயர், வசிப்பிடம், பதிவெண், பரிசோதனைத் தேதி, முடிவு. எனக்கு வந்த கோப்பிலும் ஏறக்குறைய இதே கட்டங்கள்தான். நோய் இரண்டு பேருக்கு நடுவில் போய்வருவது, ஆனால் அட்டவணையில் ஆணுக்கு ஒரு வரிசைகூட இல்லை. பாதி மனிதர்களை விட்டுவிட்டு எடுத்த கணக்கு.

இன்னொன்று எனக்கு ரொம்பவே வியப்பாக இருந்தது. 1868இல் பரிசோதனை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. டாக்டர் கண்ணால் பார்ப்பார், அவ்வளவுதான். வெட்டை நோய்க் கிருமியை நைசர் கண்டது 1879இல். கிரந்தியின் கிருமியை ஷாடின்னும் ஹாஃப்மனும் கண்டது 1905இல். அதை ரத்தத்தில் கண்டறியும் வாசர்மன் சோதனை 1906இல். அதாவது பதிவேடு வந்து 38 வருடம் கழித்துத்தான் பரிசோதனை வந்தது. கிரந்தி இருந்தும் வெளியே புண் இல்லாத பெண்ணை விட்டுவிட்டார்கள். வேறு ஏதோ புண் இருந்த பெண்ணை அடைத்தார்கள்.

பெண்கள் என்ன செய்தார்கள்? ஓடினார்கள். நகர எல்லைக்கு வெளியே போய்விடுகிறார்கள், குடும்பப் பெண் என்று சொல்லித் தப்பிக்கிறார்கள் என்று சட்டம் அமலான ஊர்களிலெல்லாம் அதிகாரிகள் புலம்பினார்கள். எனக்கு அந்தப் புலம்பல் பழக்கமானது. பயனர்கள் பொய்த் தகவல் தருகிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் புலம்புவார்கள். உண்மையைச் சொன்னால் பூட்டுவாய் என்றால் யார் உண்மையைச் சொல்வார்கள்? பயத்தில் நிரப்பப்பட்ட பதிவேடு தண்டனை கொடுக்க உதவலாம், நோயை அறிய உதவாது. பிரிட்டனில் ஜோசபின் பட்லர் போன்ற பெண்கள் வருடக்கணக்காகப் போராடியதில் அங்கே 1886இலும் இங்கே 1888இலும் சட்டம் ரத்தானது. கன்டோன்மென்ட்டுகளில் வேறு விதிகளின் பெயரில் இதே வேலை கொஞ்ச காலம் நடந்தது தனிக்கதை.

*

பட்ட பாட்டில் பிரிட்டன் ஒன்றைக் கற்றுக்கொண்டது. 1913இல் அமைத்த ராயல் கமிஷன் 1916இல் அறிக்கை கொடுத்தது. அதே வருடம் வந்த விதிகள் பழைய சட்டத்துக்கு நேர் எதிரானவை. உள்ளாட்சி மன்றங்கள் மேகநோய் கிளினிக் நடத்த வேண்டும், சிகிச்சை இலவசம், வருகிறவர் யார் என்பது ரகசியம். செலவில் முக்கால் பங்கை மத்திய அரசு கொடுக்கும். இந்த வகைக் கிளினிக்குகளில் நோயாளியின் குறிப்பு தனி எண்ணில், மற்ற மருத்துவப் பதிவுகளோடு சேராமல் இருக்கும் வழக்கம் வேரூன்றியது. வற்புறுத்தினால் ஓடுகிறவர்கள் ரகசியம் காத்தால் தாங்களாகவே வருவார்கள் என்ற கணிப்பு அது. ஒழுக்கத்தைப் பற்றி அந்த அதிகாரிகளுக்கும் பழைய கருத்துகள்தான் இருந்திருக்கும். ஆனால் கணக்கு சரியாக வர வேண்டுமென்றால் ஆள் பயப்படக் கூடாது என்ற நடைமுறை அறிவு இருந்தது.

சென்னையிலும் மேகநோய் மருத்துவம் ஒரு துறையாக வளர்ந்தது. அரசு பொது மருத்துவமனையில், இன்றைக்கும் பலர் ஜி.எச். என்று சொல்லும் இடத்தில், டாக்டர் ஆர்.வி. ராஜம் வளர்த்த பால்வினை நோய்ப் பிரிவு உலகளவில் பெயர் பெற்றது. அவரும் பி.என். ரங்கையாவும் டொனோவனோசிஸ் என்ற நோயைப் பற்றி எழுதிய நூலை 1954இல் உலக சுகாதார நிறுவனமே வெளியிட்டது. அதற்குள் பென்சிலினும் வந்துவிட்டது. கிரந்தி ஊசியில் தீர்ந்துவிடும் நோயானது. கர்ப்பிணிகளுக்குக் கிரந்திக்கான ரத்தச் சோதனை வழக்கமானது. இந்தச் சோதனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

*

1985 முடியும் நேரம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வேட்டுக்குத் தலைப்பு வேண்டும். அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் எய்ட்ஸ் என்றார். அமெரிக்காவில் 1981இலிருந்து பேசப்பட்டுவந்த நோய். இங்கே அதெல்லாம் வராது, நம்ம கலாச்சாரம் அப்படி என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். நிர்மலாவுக்கே நம்பிக்கை இல்லை, முடிவு எல்லாம் நெகட்டிவ்வாகத்தான் வரும் என்று நினைத்தார்.

இலக்கு 200 மாதிரிகள். சென்னையில் மும்பை போலத் தனிப் பகுதி கிடையாது, எங்கே போய்த் தேடுவது? ஜி.எச்.சுக்கு மேகநோய் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் பழகி, அவர்கள் வழியாக, போலீஸ் பிடித்துவந்த பெண்களை வைத்திருக்கும் காவல் இல்லத்தைக் கண்டுபிடித்தார். கணவர் ராமமூர்த்தி ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். கையுறை கிடையாது. மூன்று மாதத்தில் 80க்கும் மேற்பட்ட மாதிரிகள். சீரத்தைப் பிரித்து, வைக்க வேறு இடமில்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். எதற்காக எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை.

சென்னையில் எலைசா சோதனை செய்யும் வசதி அப்போது இல்லை. 1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து ராத்திரி ரயிலில் காட்பாடி போனார்கள். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகம். மாதிரிகளில் ஆறு மஞ்சளாக மாறின. திரும்பவும் செய்து பார்த்தார்கள், மறுபடியும் மஞ்சள். வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவாயிற்று. நிர்மலா காவல் இல்லத்துக்குத் திரும்பிப் போய் அந்த ஆறு பேரிடமும் மறுபடி ரத்தம் எடுத்துவந்தார். அது அமெரிக்காவுக்குப் போய் உறுதியானது. சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவின் எச்.ஐ.வி. வரலாறு இப்படி ஒரு ஸ்கூட்டரிலும் ஒரு ஃப்ரிட்ஜிலும் ஆரம்பிக்கிறது.

நிர்மலாவின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த ஆய்வு நடக்காமல் போயிருந்தால் இன்னும் சில வருடங்கள் கண்ணை மூடிக்கொண்டே இருந்திருப்போம். சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, 2015இல் இறக்கும்வரை இந்த நோயாளிகளோடுதான் இருந்தார். ஆனால் என்னால் அந்த ஆறு பேரைத் தாண்டிப் போக முடியவில்லை. எல்லாக் கட்டுரைகளிலும் அவர்கள் ஆறு என்ற எண்ணாக மட்டுமே வருகிறார்கள். அது அவர்களுக்கு நல்லதும்கூட. ஆனால் அடைபட்ட இடத்தில் இருக்கும் ஒருவர் ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? 1868இலும் நோயைத் தேட எளிதான இடம் கதவு பூட்டிய இடமாகத்தான் இருந்தது.

அடுத்து நடந்தவை அந்தப் பழைய சட்டத்தின் ஆவி இன்னும் போகவில்லை என்று காட்டின. சென்னையில் எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்த பாலியல் தொழிலாளர்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் இல்லத்திலேயே வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகுதான் கதவு திறந்தது. கோவாவில் 1989 பிப்ரவரியில் டொமினிக் டிசோசா என்ற இளைஞரைப் போலீஸ் கூட்டிப்போனது. அவர் செய்த குற்றம், வழக்கமாக ரத்த தானம் செய்துவந்தது. தானம் கொடுத்த ரத்தத்தைச் சோதித்ததில் எச்.ஐ.வி. என்று வந்தது. மாநிலத்தின் பொது சுகாதாரச் சட்டம் அப்படிப்பட்டவர்களை அடைத்துவைக்கலாம் என்றது. 64 நாட்கள் தனிமையில் வைத்தார்கள். அவருடைய அம்மா லூசி வழக்காடினார். பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. டொமினிக் 1992இல் இறந்தார். பெயரும் முடிவும் ஒரே வரிசையில் இருந்ததால் ஒரு தன்னார்வக் கொடையாளி கைதியானார்.

*

பெயரால்தான் இவ்வளவு கேடு என்றால் பெயரை எடுத்துவிட்டால் போச்சு. எந்தப் பொறியாளனும் முதலில் சொல்லும் பதில் இதுதான். நானும் சொல்லியிருப்பேன். அரசும் அதைத்தான் செய்தது.

1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோ வந்தது. 1994இல் தமிழ்நாடு தனக்கென ஒரு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தைப் பதிவு செய்தது. 1998இலிருந்து நாடு முழுக்க ஒழுங்காகக் கண்காணிப்பு நடந்தது. முறை ரொம்ப எளிமையானது. கர்ப்பிணிகளிடம் கிரந்திச் சோதனைக்கு எடுத்த ரத்தத்தில் மிச்சம் இருக்கும் இல்லையா, அதில் பெயரைக் கிழித்துவிட்டு எச்.ஐ.வி. சோதிப்பது. மையத்துக்கு 400 மாதிரிகள். வயது, ஊர் வகை, படிப்பு இப்படிச் சில விவரங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். எந்த மாவட்டத்தில் எவ்வளவு என்று தெரிந்துவிடும், யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. நாமக்கல்லில் லாரித் தொழிலோடு நோய் பரவியிருப்பது, தமிழ்நாட்டில் எண்ணிக்கை இறங்குவது எல்லாம் இப்படித்தான் தெரிந்தது. புள்ளி ராஜா சுவருக்கு வந்தது இந்தப் புள்ளிவிவரக் காலத்தில்தான்.

அழகான வடிவமைப்பு. அதில் இரண்டு ஓட்டைகள்.

முதல் ஓட்டை கணக்கில். யார் அரசு மருத்துவமனைக்கு வருகிறார்களோ அவர்களைத்தான் இந்த முறை எண்ணும். பால்வினை நோய்க் கிளினிக்குக்கு வருகிறவர்களை வைத்துத் தெருவையே கணக்குப் போட்டால் எண் ஊதிவிடும். 2006இல் இந்தியாவில் 52 லட்சம் பேருக்கு எச்.ஐ.வி. என்றது நாக்கோ, ஐ.நா.வின் கணக்கு 57 லட்சம். அதே சமயம் மூன்றாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம், சம்மதம் கேட்டு, ரத்தம் எடுத்தது. அதையும், கூட்டப்பட்ட கண்காணிப்பு மையங்களின் தரவையும் சேர்த்துப் பார்த்ததில் 2007 ஜூலையில் எண் சுமார் 25 லட்சமாக இறங்கியது. பாதிக்கும் கீழே. யாரும் குணமாகவில்லை. எண்ணும் இடம் மாறியது.

இரண்டாவது ஓட்டை கணக்கில் இல்லை. பெயர் கிழிக்கப்பட்ட ஒரு குப்பி மஞ்சளாகிறது என்று வையுங்கள். அந்தப் பெண் அதே மருத்துவமனையில், இரண்டு கட்டிடம் தள்ளி, பிரசவத்துக்குக் காத்திருக்கிறார். சோதனை செய்தவருக்கு ஒருவர் இருக்கிறார் என்று தெரியும், யார் என்று தெரியாது. சொல்ல நினைத்தாலும் வழி இல்லை. மருந்தே இல்லாத காலத்தில் இதை நியாயப்படுத்த முடிந்தது. 1994இல் ஒரு மருந்தால் தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதைப் பெருமளவு தடுக்கலாம் என்று தெரிந்தது. அமெரிக்காவில் பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தை இதேபோலப் பெயரில்லாமல் சோதித்துவந்த ஆய்வை 1995இல் நிறுத்தினார்கள். காப்பாற்ற முடியும் என்று தெரிந்த பிறகு, யார் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதை எப்படி நியாயப்படுத்துவது? இந்தக் கேள்வி படித்த நாளிலிருந்து என்னைத் தொந்தரவு செய்கிறது. பெயரை வைத்துக்கொண்டால் பூட்டுகிறோம். பெயரை எறிந்துவிட்டால் கைவிடுகிறோம்.

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தேர்ந்த எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. நம் பதிவேட்டின் வரலாற்றில் இதுதான் பெரிய திருப்பம் என்று நினைக்கிறேன். அதுவரை பெயரைக் கொடுத்தவருக்குக் கிடைத்தது அவமானம் மட்டும். அன்றிலிருந்து பெயரைக் கொடுத்தால் மாத்திரை கிடைக்கும், மாசா மாசம் வந்து வாங்கலாம், வாழலாம். பெயர் மறுபடி பதிவேட்டுக்குள் வந்தது. இந்த முறை சொந்தக்காரரே கொண்டுவந்தார்.

*

இன்றைக்குத் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் பரிசோதனை செய்யும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். உள்ளே போனால் முதலில் ஆலோசகர் பேசுவார். சோதனை எதற்கு, முடிவு வந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லிச் சம்மதம் வாங்குவார். ஓர் எண் கொடுப்பார்கள், ரத்தக் குப்பி அந்த எண்ணோடுதான் போகும். பாசிட்டிவ் என்று சொல்வதற்கு மூன்று வெவ்வேறு கிட்டில் அப்படியே வர வேண்டும். முடிவை உங்களிடம்தான் சொல்வார்கள். பெயருக்கும் எண்ணுக்கும் இடையிலான பாலம் ஒரு பதிவேட்டில், சிலர் கையில் மட்டும் இருக்கும். எங்கள் தொழிலில் இதை டோக்கன் என்போம்.

2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 அன்று அமலுக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் இதற்கெல்லாம் சட்ட பலம் கொடுத்தது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, சம்மதமில்லாமல் முடிவை வெளியே சொல்லக் கூடாது. பதிவுகளை வைத்திருக்கும் நிறுவனம் அவற்றைப் பாதுகாக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போனால்கூட உண்மைப் பெயரை மறைத்துப் புனைபெயரில் வழக்கு நடத்தக் கேட்கலாம். 1868ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் 150 வருடத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று சந்தோஷமாக இருக்கிறது.

அப்புறம் அந்த எக்செல் கோப்பு ஞாபகம் வருகிறது.

சட்டம் ஆலோசகரைப் பற்றியும் டாக்டரைப் பற்றியும் யோசித்திருக்கிறது. அன்றைக்குக் கோப்பு வந்தது தேதிப் பிழையைச் சரிசெய்ய உட்கார்ந்திருந்த ஒருத்தனுக்கு. அனுப்பியவர் கெட்டவர் இல்லை. அவசரம், ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும், கையில் இருந்ததை இணைத்துவிட்டார். 1868இன் பதிவேட்டைத் திறக்க அதிகாரம் வேண்டியிருந்தது. எனக்கு ஒரு டபுள் கிளிக் போதுமாக இருந்தது.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பிழையைச் சரிசெய்தேன். கோப்பை அழித்தேன், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். இனி அசல் தரவு வந்தால் திறப்பதற்கு முன்பே பெயர்களையும் ஊர்களையும் மாற்றிப்போடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதிக் குழுவுக்குக் கொடுத்தேன். மற்ற பத்துப் பேர் கோப்பை அழித்தார்களா என்று கேட்டேன். "ஆமா ஆமா" என்றார்கள். நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

அந்த வருடம் பொங்கலுக்கு அம்மாவின் ஊருக்குப் போயிருந்தேன். கோயில் வாசலில் அவர் எதிரே வந்தார். சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர். "என்ன தம்பி, எப்ப வந்தே? ஆளே இளைச்சுப் போயிட்டே" என்று தோளைத் தொட்டுக் கேட்டார். நல்லா இருக்கேன் என்றேன். பதிலுக்கு, நீங்க எப்படி இருக்கீங்க என்றுதான் கேட்க வேண்டும். யாரும் கேட்பதுதான். எனக்கு வாய் வரவில்லை.